கண்ணயர்ந்தது யார் குற்றம்?

லாரி மோதி நால்வர் சாவு; ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் — இப்படி இரண்டு வரிச் செய்தி, ஏட்டின் ஏதோ ஒரு மூலையில் அடிக்கடி இடம்பெறுகிறது. படிக்கிறோம்; 'அடடா' என்கிறோம்; பக்கத்தைப் புரட்டுகிறோம். செய்தியும் முடிந்தது, விசாரணையும் முடிந்தது, குற்றவாளியும் கிடைத்துவிட்டான் — கண்ணயர்ந்தவன்!

கண்ணயர்ந்தான், சரி. ஏன் கண்ணயர்ந்தான்? எத்தனை இரவு விழித்திருந்த பிறகு கண்ணயர்ந்தான்? யாருடைய சரக்கு, யாருடைய அவசரத்துக்காக, எந்த நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும் என்று விரட்டப்பட்ட நிலையில் கண்ணயர்ந்தான்? இந்தக் கேள்விகள் காவல் நிலையத்து ஏட்டில் ஏறுவதில்லை. வணிகர் கேட்பதில்லை, வழக்கு மன்றம் கேட்பதில்லை, ஆளவந்தார் கேட்பதே இல்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

யார் இந்த ஓட்டுநர்? நாமக்கல்லைப் பாருங்கள், சங்ககிரியைப் பாருங்கள், திருச்செங்கோட்டைப் பாருங்கள். மழையை நம்பி ஏமாந்த மண். கலப்பை பிடித்த கை, வேறு வழியின்றி ஸ்டியரிங்கைப் பிடித்தது. கிளீனராக ஏறி, ஓட்டுநராக உயர்ந்து, கடனோ உடனோ வாங்கிச் சொந்த வண்டிக்காரரானவர்கள் அந்தப் பகுதியில் ஏராளம். ஊரெங்கும் லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகள். நாமக்கல் முட்டை கேரளத்துக்குப் போகிறது. சேலத்து ஜவ்வரிசி மராட்டியத்துக்குப் போகிறது. சிவகாசித் தீப்பெட்டி வடபுலமெங்கும் போகிறது. திரும்பும் வண்டியில் நாசிக் வெங்காயம் வருகிறது. அடுப்பெரிக்கும் எரிவாயுவும் அவர்கள் ஓட்டும் டேங்கரில்தான் வருகிறது. நம் வீட்டில் உலை கொதிக்கிறதென்றால், எங்கோ ஒரு சாலையில் ஒருவர் உறங்காமல் விழித்திருந்தார் என்று பொருள். அவரைத்தான், பத்திரிகையின் இரண்டு வரியில் 'கண்ணயர்ந்தவன்' என்கிறோம்!

கணக்கைக் காட்டுவோம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் சாலைகளில் நடந்த விபத்துகள் 4,61,312. மாண்டவர் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்கு நானூற்று அறுபது பேருக்கு மேல்! நாம் கூட்டிக் கழித்த கணக்கல்ல, மைய அரசின் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. விபத்தின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் எந்த மாநிலத்துக்கு? பெருமைப்பட முடியாத அந்த முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு — 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே; சாவிலோ நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு அங்கே. அந்த நெடுஞ்சாலைதான் லாரி ஓட்டுநருக்கு வேலைக்களம். தறிக்காரருக்குத் தறிக்கூடம் போல, ஆலைத் தொழிலாளிக்கு ஆலை போல, அவருக்கு அது. ஓர் ஆலையில் இத்தனை உயிர் போயிருந்தால் அந்த ஆலையை மூடச் சொல்லியிருக்க மாட்டோமா? சாலையை மூட முடியாது. ஆனால் கண்ணையும் மூடிக்கொண்டிருக்கலாமா?

இவை அனைத்தும் லாரியால் வந்தவை என்று நாம் கூறவில்லை. அனைத்தும் உறக்கத்தால் வந்தவை என்றும் கூறவில்லை. வேகம் உண்டு, குடி உண்டு, கெட்ட சாலை உண்டு. ஆனால் குடிக்கு ஊதிப் பார்க்கும் கருவி உண்டு. வேகத்துக்குக் கேமரா உண்டு. உறக்கமின்மையைக் காட்டிக் கொடுக்க எந்தக் கருவியும் நம் சாலையில் நிற்பதில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அறிவியல் என்ன கூறுகிறது? ஆஸ்திரேலியாவில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் மூளையும், இரத்தத்தில் நூறு மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது ஏறியவரைப் போலத் தடுமாறும் என்று காட்டிற்று. இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தால் தடுமாற்றம் அதற்கும் இரு மடங்கு மதுவுக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் எல்லை 30 மில்லி கிராம். அதைத் தாண்டினால் சிறை, அபராதம். சரி, வைக்கட்டும், குடித்துவிட்டு ஓட்டுபவரை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டு மதுவும் தொடாமல், குடிகாரனைவிடக் கேடான நிலையில் ஒருவரை வண்டி ஓட்ட வைக்கிறார்களே, அப்படி வைத்தவர்களுக்கு எந்தச் சிறை? எந்த அபராதம்?

மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. இமை நான்கே நொடி சொருகினால் போதும்; ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை! முப்பது டன் இரும்பும் சரக்கும், ஆளில்லாமல், இருட்டில், தன்போக்கில் ஓடுகிறது. எதிரே வருபவரும் சாகலாம், ஓட்டுநரும் சாகலாம். பின்பு எழுதுவோம் இரண்டு வரி.

உறக்கத்தைத் திருடியது யார்? இதுதான் நம் கேள்வியின் உயிர்நாடி.

வாடகை பேசும்போதே நேரமும் பேசப்படுகிறது: இன்ன நாள், இன்ன மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும். ஆனால் ஏற்றுமிடத்தில் காத்துக் கிடக்கும் நேரம் யார் கணக்கு? கிடங்கு வாசலில் பகலெல்லாம் நிற்கவைத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஏற்றி, 'விடிவதற்குள் போ' என்பார்கள். அந்தப் பகல் முழுதும் வெயிலில் வெந்த வண்டிக்குள் அவர் உறங்கினாரா என்று கேட்பாரில்லை. ஓட்டுநருக்குக் கூலி பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு. நடை குறைந்தால் கூலி குறையும். உறங்கினால் உலை கொதிக்காது. உலை கொதிக்க வேண்டுமென்றால் உறங்கக் கூடாது! உரிமையாளரைக் கேட்டால் அவரும் அழுகிறார்: டீசல் விலை, சுங்கச்சாவடிக் கட்டணம், காப்பீடு, மாதம் தவறாத கடன் தவணை. அவர் அழுகை பொய்யல்ல என்பதை நாம் அறிவோம். ஓரிரு வண்டி வைத்திருப்பவர், நேற்றுவரை ஓட்டுநராக இருந்தவர்தானே! ஆனால் அவர் அழுகையின் சுமையும் கடைசியில் யார் இமைமேல் ஏறுகிறது? ஓட்டுநரின் இமைமேல்தான்.

முன்பு தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டும், மாற்று ஓட்டுநர் கால் நீட்டிப் படுக்க வண்டிக்குள் இடம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒருவர் ஓட்ட ஒருவர் உறங்கலாம். 2018இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். செலவு மிச்சம் என்றார்கள். ஆம், மிச்சம்தான்: ஒரு கூலி மிச்சம், ஒரு சாப்பாடு மிச்சம். இழப்பு என்ன என்பதை மட்டும் எந்தக் கணக்கேட்டிலும் எழுதவில்லை. இன்று பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. பின்னால் பார்க்க ஆளில்லை, பேச்சுக்குத் துணையில்லை, 'அண்ணே, கண்ணு சொருகுது, ஓரங்கட்டு' என்று தோளைத் தட்ட ஒரு கை இல்லை.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. வாரத்துக்கு 48 மணி. நெடுந்தொலைவுக்குப் போனால் அனுமதியுடன் பத்து மணியும் 54 மணியும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இடையில் அரைமணி ஓய்வு. ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். ஏழு நாளில் ஒருநாள் விடுமுறை. படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கே அது பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். நாட்டின் லாரிகளில் பெரும்பகுதியோ, ஓரிரு வண்டிக்காரர் கையில்! வலை விரித்தார்கள், மீன் நுழையும் அளவுக்கு ஓட்டையும் வைத்தார்கள். 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டம் கரைந்துவிட்டது. எட்டு மணி என்ற எழுத்து புதியதிலும் உண்டு. எழுத்து இருக்கிறது, எண்ணிப் பார்க்கும் ஆள் எங்கே?

ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி, வாரத்தில் இருமுறை மட்டும் பத்து மணி. அதை மனிதனின் வாய்ச்சொல்லுக்கு விடவில்லை. வண்டியிலேயே ஒரு கருவி பொருத்தி, ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் அது பதிவு செய்கிறது. அமெரிக்காவில் பதினோரு மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. அடுத்து ஓட்டுமுன் பத்து மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். அங்கும் கருவி கணக்கு வைக்கிறது. அங்கே ஓட்டுநருக்கு இரண்டு கண். இங்கே மட்டும் மூன்று கண்ணா?

நம்மூர் லாரியைப் பாருங்கள். முன்புறம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. பூசணிக்காயில் பூதத்தின் முகம். ஆயுத பூசையன்று சக்கரத்துக்குச் சந்தனம். ஆண்டு முழுதும் எலுமிச்சம்பழத்துக்குச் செய்த செலவில் பிரேக் லைனிங் மாற்றியிருக்கலாம்! எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது, தோழரே! மிளகாய், சரிவில் வண்டியை நிறுத்தாது.

சரிவு என்றதும் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய் நினைவுக்கு வராமல் போகுமா? வடக்கேயிருந்து சேலம் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை அது. விபத்துக்குப் பேர்போன இறக்கம். 2024 சனவரியிலும் அங்கே உயிர்கள் போயின. அங்கே அதிகாரிகள் ஓயாமல் எச்சரிப்பது ஒன்றை: இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போடாதீர்கள். ஏன் போடுகிறார்கள்? சில சொட்டு டீசல் மிச்சமாகும் என்பதற்காக. நியூட்ரலில் எஞ்சினின் பிடி விட்டுப்போகிறது. பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியதாகிறது. மிதிக்க மிதிக்க டிரம் காய்கிறது. காய்ந்த லைனிங் பிடிப்பை இழக்கிறது. பிறகு மிதிப்பது பிரேக்கை அல்ல, வெறும் தகரத்தை. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது பட்டறிந்த பேச்சு. டீசல் மிச்சம் முதலாளிக்கு. இறக்கம் உங்களுக்கு என்பதை மறக்காதீர்கள்.

ஓட்டுநர் தோழரே! சட்டம் திருந்தும்வரை உயிர் காத்திருக்காது. ஆகவே உங்களோடு சில சொல் நேரே பேசுகிறோம். அறிவுரை என்று முகம் சுளிக்காதீர்கள், உங்கள் வீட்டார் சொல்ல நினைப்பதைத்தான் நாம் எழுதுகிறோம்.

உறக்கம் ஒரு கடன். தேநீர் அதற்குத் தவணை வாங்கித் தரும், கடனை அடைக்காது. பீடியும் பாக்கும் பாட்டும் அப்படியே. கடனை அடைக்க ஒரே நாணயம், உறக்கம். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை, பிறகு பிற்பகல் உண்டபின் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை, உடல் தானாகவே தளரும் வேளை. எந்த வீரமும் அங்கே செல்லாது. கடந்துவந்த ஊர் நினைவில் இல்லை, கொட்டாவி அடங்கவில்லை, வண்டி கோட்டைத் தாண்டித் தாண்டி வருகிறது என்றால், அதற்குமேல் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம். ஒளியும் ஆளும் உள்ள பெட்ரோல் நிலையத்திலோ சுங்கச்சாவடி அருகிலோ சாலையைவிட்டு முழுதாக ஒதுக்கி நிறுத்தி, கதவைப் பூட்டி, இருபது நிமிடமாவது கண்ணை மூடுங்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் நடந்து, முகம் கழுவி, மயக்கம் தெளிந்தபின் சாவியைத் திருப்புங்கள். இருட்டில் தனித்து நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆபத்து: பின்னால் வரும் வாகனம் ஒன்று, டீசலும் சரக்கும் பணமும் தேடி வரும் திருடன் மற்றொன்று. வழியில் கைகாட்டும் அறியாத ஆளை ஏற்றாதீர்கள். அறியாதவர் கொடுக்கும் தேநீரைத் தொடாதீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

வண்டி வழியில் பழுதானால் கல்லையும் கிளையையும் போட்டுவிட்டு அமர்ந்துவிடாதீர்கள்; ஒளி திருப்பும் முக்கோணப் பலகையைத் தொலைவில் வையுங்கள். பின்புறம் ஒட்டிய ஒளிப்பட்டையை வாரம் ஒருமுறை துடையுங்கள். சேறு படிந்த பட்டையும் இல்லாத பட்டையும் ஒன்றே. புறப்படுமுன் டயரைத் தட்டிப் பார்ப்பது போல, ஆண்டுக்கொருமுறை கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வண்டிக்குத் தகுதிச் சான்று கேட்கிறார்களே, ஓட்டுபவருக்கு வேண்டாமா? அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொன்னால், மறுக்கும் துணிவும் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு இருபதாயிரம் ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரமும் வைத்திருக்கிறது. அபராதத்தைக் கட்ட ஆளுண்டு. உடைந்த அச்சின்கீழ் கிடக்கும் உயிரைத் திருப்பித்தர ஆளில்லை.

ஒருவேளை விபத்தே நேர்ந்துவிட்டால்? மொழி தெரியாத ஊர், நள்ளிரவு, கூடிவிட்ட கூட்டம், கையில் தடி. ஓடிவிடுகிறார் ஓட்டுநர். அடிபட்டவரோ சாலையில் கிடக்கிறார். இந்த இரண்டு கொடுமையையும் நாம் ஒருங்கே பார்க்கிறோம். ஓடுவதை நாம் போற்றவில்லை. ஆனால் ஓட வைக்கும் அச்சத்தை உணர்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநர் கடமை என்று கூறி, கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாமற்போனால் விலக்கும் தருகிறது. ஆனால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் விரைவாக, எப்படியும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்திலோ, 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவாக, உயிர்ச்சேதம் விளைவித்துவிட்டுச் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டுவரை சிறை என்று எழுதினார்கள். 2024 சனவரி முதல் நாளில் வடபுலத்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. மறுநாளே டில்லி இறங்கிவந்து, கலந்து பேசாமல் செயற்படுத்த மாட்டோம் என்றது. 2024 சூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒன்றுபட்டு நின்றால் சட்டமும் ஓரமாக நிற்கும் என்பதற்கு அது சான்று. எனினும் தோழரே, நிறுத்திவைத்த வாள் உறையில் இருக்கிறது, உடையவில்லை. ஆகவே விபத்து நேர்ந்தால் உயிருக்கு ஆபத்தில்லாத இடத்துக்கு விலகுங்கள். உடனே 112ஐ அழையுங்கள், 108ஐ அழையுங்கள், நெடுஞ்சாலையானால் 1033ஐ அழையுங்கள். அந்த அழைப்பு அடிபட்டவருக்கு உயிர், உங்களுக்குச் சாட்சி.

இனி, ஆளவந்தாருக்கு. 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து உருவாகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று ஆணையிட்டீர்கள். நல்லது, வரவேற்கிறோம். எஞ்சின் சூட்டில் வெந்தவர்களுக்கு அது அருள் அன்று, உரிமை. ஆனால் குளிர்ந்த அறையிலும் இமை சொருகத்தான் செய்யும்! பெட்ரோல் நிலையங்களில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓட்டுநர் தங்குமிடங்கள் சில திறந்தீர்கள். பெயரைப் பற்றி இன்று நாம் பூசலிடவில்லை. எத்தனை படுக்கை என்பதே நம் கேள்வி. பல இலட்சம் லாரிகள் ஓடும் நாட்டில், விரல்விட்டு எண்ணும் படுக்கை எந்த மூலைக்கு?

நாம் கேட்பவை நான்கு. நெடுந்தொலைவு வண்டிக்கு இரண்டாவது ஓட்டுநரை மீண்டும் கட்டாயமாக்குங்கள். அதன் செலவு வாடகையில் சேரட்டும், சரக்குக்காரர் தரட்டும். ஓடும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்துங்கள். ஒரே வண்டிக்காரரிடம் வேலை செய்யும் ஒற்றை ஓட்டுநருக்கும் எட்டு மணிச் சட்டம் எட்டட்டும். நெடுஞ்சாலையில் ஒளியும் காவலும் குளியலறையும் உள்ள நிறுத்துமிடங்களை அடுத்தடுத்து அமையுங்கள். ஒவ்வொரு சாவடியிலும் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பாய் விரிக்கவும் தெரிய வேண்டும். நான்காவதாக, ஓட்டுநர் கண்ணயர்ந்து நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும், அதற்கு முந்தைய மூன்று நாள் அவர் எத்தனை மணி ஓட்டினார் என்று விசாரியுங்கள். விரட்டியவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கூண்டில் ஏற்றுங்கள்.

வணிகப் பெருமக்களே! விடிவதற்குள் சரக்கு வராவிட்டால் குடி முழுகிவிடாது. அரைநாள் தாமதித்த வெங்காயம் விற்கும். அரைநாள் தாமதிக்காத ஓட்டுநர் வீடு திரும்பாமல் போனால், அவர் பிள்ளைக்கு நீங்கள் என்ன விலை தருவீர்கள்?

கண்ணயர்ந்தது ஓட்டுநர் மட்டுமல்ல. காசைக் கண்ட வணிகம் கண்ணயர்ந்தது. கருவி வைக்க வேண்டிய அரசு கண்ணயர்ந்தது. இரண்டு வரிச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிய நாமெல்லோரும் கண்ணயர்ந்தோம். இவர்கள் எல்லாரும் விழித்துக்கொள்ளட்டும், ஓட்டுநர் உறங்கட்டும்!